மூழ்கிய மரமும் ஆறாவது வகுப்பும்

ஆற்றில் பெருவெள்ளம் வரும்போது கரையோரத்து மரங்கள் வேரோடு சாய்ந்து அடித்துக்கொண்டு போவதை நேயர்கள் பார்த்திருப்பார்கள். பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள், மரம் கண்ணுக்கு மறைந்ததும் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அந்த மரம் பிறகு எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. சில மரங்கள் கரை ஒதுங்கி அடுப்புக்கு விறகாகும். மற்றவை கடலில் சேர்ந்து, நெடுநாள் மிதந்து, நீர் ஊறிக் கனத்து, ஒரு நாள் அடியில் போய்ப் படுத்துவிடும். சூரிய வெளிச்சம் எட்டாத அந்த ஆழத்தில் ஆகாரம் என்பது வெகு அருமை. அங்கே வந்து விழும் ஒரு மரம், பஞ்ச காலத்தில் திறந்த அன்னசத்திரத்துக்குச் சமானம். மரத்தைத் துளைக்கும் சிப்பி ஜாதிகள் வந்து குடியேறுகின்றன. மரத்தை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றை நம்பிப் பிழைப்பதற்கு வேறு பல ஜந்துக்கள் வந்து சேருகின்றன.

நியூஜிலாந்து தேசத்துக் கடலில் ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான ஆழத்திலிருந்து, அதாவது அரை மைலுக்கும் கீழேயிருந்து, இப்படி மூழ்கிக் கிடந்த மரங்களை மேலே கொண்டு வந்தார்கள். அவற்றோடு கூட வந்தவற்றில் ஒன்பது ஜந்துக்கள் மிக விசித்திரமாக இருந்தன. வட்ட வடிவம், தட்டையான உடம்பு. விரல் நகத்தைவிடச் சிறியவை. அவற்றில் எதுவும் ஒரு சென்டிமீட்டர் அகலம்கூட இல்லை. கைகள் இல்லை, குடலும் இல்லை. ஓரத்தைச் சுற்றி வரிசையாகச் சிறு முட்கள், சட்டைப் பொத்தானுக்கு ஜாலர் வைத்துத் தைத்தது போல. இந்த ஒன்பது பொத்தான்களும் பிராணி சாஸ்திரிகளை இருபத்தைந்து வருஷங்களுக்கு ஒரு பெரிய வழக்கில் மாட்டி வைத்தன. கோர்ட்டு, வக்கீல், ஸ்டாம்புக் காகிதம் எதுவும் இல்லாத வழக்கு. ஆயினும் வெகு சுவாரஸ்யமான வழக்கு.

வழக்கைப் புரிந்துகொள்வதற்கு முன்னால், அதில் சம்பந்தப்பட்ட குடும்பத்தைக் கொஞ்சம் அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். நம் கடற்கரைகளில் 'நட்சத்திர மீன்' என்று சொல்கிறார்களே, அது மீனே அல்ல. முதுகெலும்பு இல்லை, செதிள் இல்லை, தலை என்ற ஒன்றே இல்லை. நடுவில் ஒரு தட்டு. அதைச் சுற்றிப் பெரும்பாலும் ஐந்து கைகள். ஒவ்வொரு கையின் அடிப்புறத்திலும் ஒரு பள்ளம்; அந்தப் பள்ளத்தில் வரிசை வரிசையாகக் குழாய்க் கால்கள். உடம்புக்குள் ஓடும் நீர்க்குழாய்களின் அழுத்தத்தினால் இந்தக் கால்கள் நீண்டும் சுருங்கியும் நடக்கின்றன. அநேக கடல் நட்சத்திரங்கள் சிப்பியைத் தின்னும் முறை அதிசயமானது. இந்தக் கால்களால் சிப்பியின் இரண்டு ஓடுகளையும் பற்றி இழுத்து, சிறிது இடுக்கு ஏற்பட்டதும், தன் வயிற்றையே வாய் வழியாக வெளியே தள்ளி ஓட்டுக்குள் நுழைத்து, அங்கேயே ஜீரணம் செய்துகொள்ளும். இலை போடும் வரையில் பொறுக்காமல் சமையலறைக்கே போய்ச் சாப்பிடுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். வயிற்றை மட்டும் முன்னால் அனுப்பி வைக்கிறவரைக் கடலில்தான் பார்க்க முடியும்.

இந்த நட்சத்திரத்துக்கு நாலு வகைப் பங்காளிகள் உண்டு. மெல்லிய கைகளை எளிதில் ஒடித்துப் போட்டுவிட்டுத் தப்பி ஓடும் நொறுங்கு நட்சத்திரம் ஒன்று. உடம்பெல்லாம் ஊசியாய் நிற்கும் கடல் முள்ளெலி இன்னொன்று. ராமநாதபுரத்துக் கரையிலும் யாழ்ப்பாணத்திலும் பிடித்து உலர்த்திச் சீன தேசத்துக்குக் கப்பலேற்றி வந்தார்களே, அந்தக் கடல் அட்டை மூன்றாவது. பூப்போல விரிந்து நிற்கும் கடல் அல்லி நாலாவது. பார்வைக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஆனால் அறுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் அதே நீர்க்குழாய்கள், அதே ஐந்து பங்கு அமைப்பு. ஆகவே இந்த ஐவரையும் 'முள்தோலிகள்' என்ற ஒரே பெரும் பிரிவில் சேர்த்து, அதற்குள் ஐந்து வகுப்புகளாக வைத்திருக்கிறார்கள். பழங்காலத்தில் வாழ்ந்து அழிந்துபோன வகுப்புகள் பல, கல்லாகச் சமைந்து கிடக்கின்றன. உயிரோடு இருப்பவை ஐந்தே என்பது பாடப் புஸ்தகங்களின் தீர்ப்பு.

வகுப்பு, இனம் என்றெல்லாம் சொல்லும்போது தலை சுற்றுகிறது என்பவர்களுக்கு நாம் ஒரு வழி சொல்வோம். கடிதத்தின் மேல் எழுதும் விலாசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளின் பெயர், தெரு, ஊர், தாலுகா, ஜில்லா, மாகாணம் என்று போகிறதல்லவா? உயிர்களுக்கும் அப்படியே. இனம், பேரினம், குடும்பம், வரிசை, வகுப்பு, தொகுதி. ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் என்னும் அறிஞர் 1758-ம் வருஷத்தில் வெளியிட்ட புஸ்தகப் பதிப்பிலிருந்துதான் பிராணிகளின் பெயர்க் கணக்கு ஆரம்பமாகிறது. முள்தோலிகள் ஒரு மாகாணம் என்றால், கடல் நட்சத்திரம் அதில் ஒரு ஜில்லா. அந்த ஜில்லாவில் மட்டும் இதுவரை ஏறக்குறைய 1,900 இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பழைய தெருவில் புதிதாக ஒருவரைக் கண்டுபிடிப்பது இந்தத் துறையில் நடந்துகொண்டே இருக்கும் சங்கதி. புதுத் தெரு கிடைப்பதும் உண்டு. ஆனால் புதிதாக ஒரு ஜில்லாவே கிடைத்தது என்று ஒருவர் சொன்னால் கேட்டவர்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டியதுதான்.

ஒரு நட்சத்திரம் புதியதா பழையதா என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள்? நிறத்தை நம்ப முடியாது. ஒரே இனத்தில் பல நிறங்கள் உண்டு. சாராயத்தில் ஊறப்போட்டால் இருக்கிற நிறமும் போய்விடும். கைகளின் எண்ணிக்கையையும் முழுவதும் நம்புவதற்கில்லை. ஒரு கை போனால் மறு கை முளைக்கிற ஜந்து அது. ஆகையால் எலும்புத் தகடுகளைப் பார்க்கிறார்கள். உடம்பின் ஒரு சிறு பாகத்தில் தோலைக் கரைத்துப் போக்கி, அடியிலுள்ள சுண்ணாம்புத் தகடுகள் எந்த வடிவம், எந்த வரிசையில் அடுக்கியிருக்கின்றன, ஒவ்வொரு தகட்டிலும் எத்தனை முள், முட்களுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய இடுக்கிகள் எந்த மாதிரி என்று பூதக்கண்ணாடி வைத்துக் கணக்கெடுக்கிறார்கள். பிறகு, முன்பே பெயரிடப்பட்ட இனங்களின் மூல மாதிரிகளோடு ஒத்துப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு இனத்துக்கும் இப்படி ஒரு மூல மாதிரி ஏதாவது ஒரு மியூசியத்தில் இருக்கவேண்டும் என்பது இந்தச் சாஸ்திரத்தின் நடைமுறை. நூறு வருஷத்துக்குப் பிறகு சந்தேகம் வந்தாலும் அந்த ஜாடியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஜாடி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. புதிய இனங்களைத் தேடுகிறவர்கள் எப்போதும் அலைகடலில் அலைந்துகொண்டிருக்கிறார்கள் என்று நாம் எண்ணுகிறோம். அவற்றில் எவ்வளவோ மியூசியத்து அலமாரிகளிலேயே அகப்படுகின்றன. முன்னொரு காலத்தில் ஏதோ ஒரு கப்பல் வாரிக்கொண்டு வந்து ஜாடியில் போட்டு வைத்ததை, பிறகு ஒரு நிபுணர் எடுத்துப் பார்த்து, "அடடா, இது புதிதாயிற்றே!" என்று கண்டுகொள்வதுண்டு. அமெரிக்காவில் ஸ்மித்ஸோனியன் ஸ்தாபனத்தில் வேலை செய்யும் கிறிஸ்டபர் மா என்பவர் இந்த வித்தையில் கைதேர்ந்தவர். 2018-ல் இந்து மகா சமுத்திரத்தின் நட்சத்திரங்களில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு புதிய இனங்களையும் பேரினங்களையும் வெளியிட்டார். நம் பக்கத்துக் கடலில் இந்த வேலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆரம்பமாகிவிட்டது. 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற சர்வே கப்பலில் வைத்தியராயிருந்த ஆல்காக், கப்பல் வாரியெடுத்த ஆழ்கடல் நட்சத்திரங்களைப் பற்றி 1893-ல் எழுதினார். பின்னால் அவரே கல்கத்தா மியூசியத்தின் தலைவரானார்.

"இவ்வளவு பாடும் எதற்காக? முள்ளை எண்ணி என்ன பிரயோஜனம்?" என்று கேட்கிறவர்கள் நேயர்களில் சிலராவது இருப்பார்கள். அவர்களுக்கு முட்கிரீட நட்சத்திரத்தைக் காட்டுகிறோம். விஷ முட்கள் நிறைந்த இந்த ஜந்து பவளத்தைத் தின்று வாழ்வது. கூட்டமாகப் பெருகினால் பவளப் பாறைகளை வெள்ளையெலும்பாக்கி விட்டுப் போகும். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத் திட்டில் 1960-களிலிருந்து இந்தத் தொல்லை திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. செங்கடல் முதல் பசிபிக் வரையில் உள்ளதெல்லாம், லின்னேயஸ் பெயர் வைத்த ஒரே இனம் என்றுதான் வெகு காலம் நினைத்திருந்தார்கள். 2008-ல் டி.என்.ஏ.யைச் சோதித்தபோது அவை நாலு தனித்தனிக் கிளைகள் என்று தெரிந்தது. அவற்றுள் வட இந்து மகா சமுத்திரத்தில் வாழ்வது பழைய பெயரை வைத்துக்கொண்டது. செங்கடல் இனத்துக்கு 2022-ல்தான் பெயர் கிடைத்தது. ஓரிடத்து நட்சத்திரத்தைப் பற்றிக் கண்டறிந்ததை வேறிடத்து நட்சத்திரத்தின் மேல் ஏற்றிச் சொல்வது, ஒருவனுடைய நாடியைப் பார்த்துவிட்டு இன்னொருவனுக்கு மருந்து கொடுப்பது போலாகும். பெயர் தெரியாமல் வைத்தியம் செய்ய முடியாது.

இனி நம் ஒன்பது பொத்தான்களுக்கு வருவோம்.

1986-ம் வருஷத்தில் 'நேச்சர்' என்ற பிரசித்தி பெற்ற விஞ்ஞானப் பத்திரிகையில் மூன்று பேர் சேர்ந்து ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். நியூஜிலாந்தின் ஆலன் பேக்கர், சிட்னி மியூசியத்தைச் சேர்ந்த பிரான்ஸிஸ் ரோ, நியூஜிலாந்தின் ஹெலன் கிளார்க். (பின்னாளில் அந்நாட்டுக்குப் பிரதம மந்திரியாக இருந்த அம்மையாருக்கும் இதே பெயர், அவர் வேறு, இவர் வேறு.) கட்டுரை சில பக்கமே. ஆனால் அதில் சொன்னது இதுதான்: முள்தோலிகளில் ஆறாவது வகுப்பு ஒன்று அகப்பட்டிருக்கிறது.

ஜந்துவுக்கு ஸைலோப்ளாக்ஸ் மெடுஸிபார்மிஸ் என்று பெயரிட்டார்கள். கிரேக்க பாஷையில் ஸைலோன் என்றால் மரம், ப்ளாக்ஸ் என்றால் தட்டு. இரண்டாவது பெயர், கரையோரத்தார் சொறி என்று சொல்லும் இழுது மீனைப் போன்ற உருவம் என்று அர்த்தம் தருவது. மரத்தட்டு என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

அவர்கள் ஆறாவது வகுப்பு என்று சொன்னதற்குக் காரணம் வலுவாகவே இருந்தது. கடல் நட்சத்திரமானால் குழாய்க் கால்கள் வாயருகிலிருந்து கையின் நுனி வரையில் வரிசையாகப் போகவேண்டும். மரத்தட்டிலோ கால்கள் எல்லாம் ஓரத்தையொட்டி ஒரே வட்டமாக நின்றன. நட்சத்திரமானால் வாயைச் சுற்றி நீர்க்குழாய் ஒரு வளையமாக ஓடும். மரத்தட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையங்கள் இருந்தன. இந்த ஒன்றுக்குள் ஒன்றான வட்டங்களை வைத்தே புதிய வகுப்புக்குக் கான்ஸென்ட்ரிஸைக்ளாய்டியா என்று நாக்குச் சுளுக்கிக்கொள்ளும்படியான ஒரு பெயரும் சூட்டினார்கள். வயிறு கிடையாது, அடிப்புறத்தை ஒரு மெல்லிய சவ்வு மூடியிருந்தது. மக்கிப்போகும் மரத்தின் சத்தை அந்தச் சவ்வின் வழியாகவே உறிஞ்சுகிறது என்று கருதினார்கள். குஞ்சுகளோ தாயின் உடம்புக்குள்ளேயே வளர்ந்தன. இவ்வளவையும் பார்த்தவர்கள், இதை எந்தப் பழைய ஜில்லாவில் சேர்ப்பது என்று விழித்ததில் ஆச்சரியமில்லை. பாடப் புஸ்தகங்களில் ஐந்து என்றிருந்த இடங்கள் ஆறு என்று திருத்தப்பட்டன.

ஆட்சேபம் வர அதிக நாள் ஆகவில்லை. லண்டன் மியூசியத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஸ்மித் 1988-லேயே, "இது ஆறாவது வகுப்பு அல்ல, உருமாறிப்போன கடல் நட்சத்திரம்" என்ற கருத்தைக் கிளப்பினார். ரஷ்ய விஞ்ஞானி பெல்யாயெவ் 1990-ல், தனி வகுப்பாகப் பிரித்தது சரிதானா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து எழுதினார். அவர் கேட்டதற்கு ஒரு தனி மதிப்பு உண்டு. கேமன் தீவுகளுக்கு அருகிலுள்ள ஆழக் குழியிலிருந்து, மரத்தின் மேல் வாழும் சிறிய தட்டையான ஒரு நட்சத்திரத்தை எடுத்து, 1974-ல் கேமனோஸ்டெல்லா என்று பெயரிட்டவர் அவரேதான். சத்திரத்தில் முன்பே தங்கியிருந்த ஓர் ஆளை அவருக்குத் தெரியும். அந்த ஆள் ஐயத்துக்கிடமில்லாத நட்சத்திரம். அவனும் சிறியவன், தட்டையானவன், மரமே கதி என்று கிடப்பவன். புதிதாக வந்தவன் அவனுக்கு உறவாக இருக்கக்கூடாதா?

இதற்கிடையில் சாட்சிகளும் பெருகினார்கள். ஹார்வர்ட் சர்வகலாசாலையில் ரூத் டர்னர் என்ற அம்மையார் இருந்தார். மரக் கப்பல்களைத் துளைத்துப் பாழாக்கும் கப்பல் புழுவைப் பற்றிய ஆராய்ச்சியில் அவருக்கு ஈடு இல்லை. (புழு என்று பெயரே தவிர, அதுவும் சிப்பி ஜாதிதான்.) 'ஆல்வின்' என்னும் ஆழ்கடல் மூழ்கு கப்பலில் இறங்கிய முதல் பெண் விஞ்ஞானி அவரே. அது நடந்தது 1971-ல். ஆழ்கடலில் எந்தப் புழு எந்த மரத்தைத் தின்கிறது என்று பார்ப்பதற்காகப் பலகைகளை அடியில் வைத்துப் பிறகு எடுத்துச் சோதிப்பது அவருடைய வழக்கம். பஹாமாத் தீவுகளின் அருகே இரண்டாயிரம் மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் வைத்த பலகைகளில் இரண்டாவது மரத்தட்டு இனம் கிடைத்தது. அதற்கு 1988-ல் ஸைலோப்ளாக்ஸ் டர்னரே என்று அவர் பெயரையே வைத்தார்கள். இந்த இனத்துக்குக் குடல் இல்லையென்றாலும் ஆழமில்லாத ஒரு வயிறு இருந்தது. வழக்கில் இது சின்ன விஷயமல்ல. வயிறே இல்லாமை என்பது வகுப்புக்கு உரிய லட்சணமாக இருக்க முடியாது. ஓர் இனத்தில் இருந்ததை இன்னொன்று இழந்திருக்கலாம் அல்லவா?

மூன்றாவது இனம் கிடைத்த விதமும் இதே மாதிரிதான். சிகாகோவில் பீல்ட் மியூசியத்தைச் சேர்ந்த ஜானெட் வாய்ட் அம்மையார், பசிபிக் சமுத்திரத்தின் வடகிழக்குப் பகுதியில் வேண்டுமென்றே மரக்கட்டைகளை அமிழ்த்தி வைத்துப் பிறகு எடுத்தார். அவற்றில் குடியேறியிருந்த மரத்தட்டை, நாம் முன்னே சொன்ன கிறிஸ்டபர் மா 2006-ல் ஸைலோப்ளாக்ஸ் ஜானெட்டே என்று பெயரிட்டு வர்ணித்தார். ஆணுக்கு இணையாகப் பெண்களும் கடலடியில் இறங்கியதன் பலனை இந்த இரண்டு பெயர்களும் நிரந்தரமாகச் சொல்லிக்கொண்டிருக்கும். மா, மூன்று இனங்களையும் ஒத்துப் பார்த்து, இவற்றைக் கடல் நட்சத்திர வகுப்புக்கு உள்ளேயே வைத்தார். கான்ஸென்ட்ரிஸைக்ளாய்டியா என்ற பெயரை அவர் தள்ளிவிடவில்லை. ஜில்லா என்ற அந்தஸ்தை எடுத்துவிட்டு, ஜில்லாவுக்குள் ஒரு பிரிவாக வைத்துக்கொண்டார்.

தகட்டையும் முள்ளையும் வைத்து வாதாடுவதில் ஒரு சங்கடம் உண்டு. இவ்வளவு சிறுத்து, இவ்வளவு இழந்துவிட்ட உடம்பில் ஒத்துப் பார்ப்பதற்கு மிச்சமிருப்பது சொற்பம். ஆகவே கடைசியில், உயிரணுக்களுக்குள் வழிவழியாக வரும் டி.என்.ஏ. என்ற ஏட்டைப் புரட்டினார்கள். 2011-ல் ஜானீஸ் என்பவர் வாய்ட் அம்மையாருடனும் இன்னொருவருடனும் சேர்ந்து வெளியிட்ட ஆராய்ச்சியில், மரத்தட்டு கடல் நட்சத்திரங்களின் நடுவிலேயே போய் உட்கார்ந்தது. 2017-ல் இன்னும் பெரிய அளவில், அநேக நட்சத்திர இனங்களின் மரபுச் செய்திகளை எடுத்துக்கொண்டு பரிசோதித்தார்கள். தீர்ப்பு மாறவில்லை.

அப்படியானால் ஐந்து கைகளும் எங்கே போயின? கைகள் போகவில்லை, முளைக்கவே இல்லை. கடல் நட்சத்திரம் தன் மிதக்கும் பருவத்தை விட்டு அடியில் உட்காரும்போது, கைகள் இன்னும் நீளாத ஒரு சின்னஞ்சிறு தட்டாகத்தான் இருக்கும். குழாய்க் கால்களும் சிலவே. அவையும் நெருங்கி நிற்கும். மற்ற நட்சத்திரங்கள் அங்கிருந்து வளர்ந்து பெரியவையாகின்றன. மரத்தட்டோ அந்தக் குழந்தை உருவத்திலேயே நின்று, வளராமலே பருவம் அடைந்து, பிள்ளையும் பெறுகிறது. பால் பல் விழாத குழந்தை குடும்பம் நடத்துவது போல. வயது வந்த நட்சத்திரத்தோடு அதை ஒத்துப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாய்த் தோன்றியதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

பேக்கர் முதலிய மூவரும் தவறு செய்துவிட்டார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். அவர்கள் கையில் இருந்தவை ஒன்பதே ஒன்பது சிற்றுயிர்கள். உள்ளமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அறுத்துத்தான் பார்க்கவேண்டும், அறுத்தது அறுத்ததுதான். அந்த நிலையில் கண்டதைக் கண்டபடி எழுதினார்கள். இன்ன காரணத்தால் இன்ன முடிவு என்று ஒளிக்காமல் சொன்னார்கள். மூல மாதிரியை மியூசியத்தில் வைத்தார்கள். அவர்களை மறுத்தவர்கள் அவர்களுடைய வர்ணனையை வைத்துக்கொண்டுதான் மறுத்தார்கள். மறுக்க முடியாதபடி மழுப்பி எழுதுவது வெகு சுலபம். அப்படி எழுதியிருந்தால் 1988-ல் ஸ்மித்துக்கு வேலையே இருந்திராது. பாடப் புஸ்தகங்கள்தான் பாவம். ஆறு என்று திருத்தியதை மறுபடியும் ஐந்து என்று திருத்த வேண்டி வந்தது. பழைய பதிப்பை வைத்துக்கொண்டு படிக்கும் பிள்ளைகள் எங்கேனும் இன்னும் ஆறு என்று ஒப்பித்துக்கொண்டிருக்கக் கூடும்.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று பாக்கி இருக்கிறது. ஜில்லா போய்விட்டதே தவிர ஆள் போகவில்லை. இனத்தின் பெயர் வேறு, அதை வைக்கும் இடம் வேறு. இடத்தை எத்தனை முறை மாற்றினாலும், முறைப்படி வைத்த இனப் பெயரும் அதை வைத்தவர்களின் பெயரும் வருஷமும் கூடவே போய்க்கொண்டிருக்கும் என்பது பிராணிகளுக்குப் பெயரிடும் சட்டம். மரத்தட்டு இப்போது கடல் நட்சத்திரங்களின் பட்டியலில் ஒரு வரி. அந்த வரியில் இன்றைக்கும் இப்படித்தான் அச்சிடுகிறார்கள்: ஸைலோப்ளாக்ஸ் மெடுஸிபார்மிஸ், பேக்கர், ரோ, கிளார்க், 1986.